கும்பகோணம் தண்ணீர் குடித்தால் யானைக்கால் வருமா?

குடிக்கிற தண்ணீரால் யானைக்கால் வராது. மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இருக்குமோ இருக்காதோ, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான்: மாற்றலாகிக் கும்பகோணம் போகிறீர்கள், ஆறு வயதுப் பையன் இருக்கிறான், "அந்த ஊர்த் தண்ணி ஆகாது, கால் வீங்கிடும்" என்று உங்கள் பாட்டி பயமுறுத்துகிறார், வீடு பார்க்கப் போன தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரின் காலைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டிலும் "இந்தத் தெரு வேண்டாம்" என்கிறார்கள். தண்ணீரா, கொசுவா, அந்த நோய் இன்னும் அங்கே இருக்கிறதா, அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் ஆபத்தா?

நான் டெல்டாப் பக்கம் பைலேரியா (யானைக்கால் நோய்) பிரிவில் லேப் டெக்னீஷியனாக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஊர் சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் ஊசியும் கண்ணாடிச் சில்லும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி விரலில் குத்துகிற வேலை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இந்த நோயைக் கொசுவோடு முதன்முதலில் முடிச்சுப் போட்ட பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டரே கடைசிக் கட்டத்தில் தண்ணீரில்தான் வழுக்கி விழுந்தார். 1877, சீனாவில் அமாய் துறைமுகம். ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து ஒவ்வொரு நாளும் அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றுக்குள் போன புழு செத்துப்போகாமல் வளர்ந்துகொண்டிருந்தது. பூச்சி ஒன்று மனிதனின் நோய்க்கிருமியைத் தன் உடம்புக்குள் வளர்க்கிறது என்று கண்ணால் கண்டது அதுதான் முதல் தடவை. ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் செகந்திராபாத்தில் மலேரியாவைக் கொசுவுக்குள் பார்த்தது அதற்கு இருபது வருஷம் கழித்து, 1897ல். ஆனால் மேன்சன், கொசு ஒரே ஒரு முறை ரத்தம் குடித்துவிட்டுத் தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும் என்று நினைத்திருந்தார். அப்படியானால் புழு மறுபடி மனிதனுக்குள் போவது எப்படி? அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என்று கணக்குப் போட்டார். 1900ல் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் ஊசிமூக்குக்குள்ளேயே புழு நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கு அடிபட்டது. ஆக, உங்கள் பாட்டி சொல்வது ஒரு காலத்து அறிவியல்தான், ஒரு நூற்றாண்டு பழசு, அவ்வளவே.

சரி, நடப்பது என்ன? யானைக்கால் புழு முழு வளர்ச்சி அடைந்தால் வெள்ளைத் தையல் நூல் மாதிரி இருக்கும். பெண் புழு எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். அது ரத்தக் குழாயில் வாழ்வதில்லை, உடம்பில் தேங்கும் நீரை வடிக்கிற நிணநீர்க் குழாயில் சுருண்டு கிடக்கும், அங்கேயே ஐந்தாறு வருஷம், சில சமயம் இன்னும் கூடுதலாகவும் உயிரோடு இருக்கும். அது ஈனுகிற குஞ்சுப் புழுக்கள்தான் ரத்தத்துக்கு வருகின்றன. கொசு கடிக்கும்போது அவை கொசுவுக்குள் போகும். அங்கே பெருகுவதில்லை, பத்துப் பன்னிரண்டு நாள் வளர மட்டும் செய்யும். பிறகு அந்தக் கொசு அடுத்த ஆளைக் கடிக்கும்போது அதன் மூக்கிலிருந்து தோல்மேல் இறங்கி, கடித்த ஓட்டை வழியாகத் தானே ஊர்ந்து உள்ளே நுழையும். மலேரியா மாதிரி ஊசி போட்டது போல நேராக ரத்தத்தில் ஏறுவதில்லை. பாதிக்கு மேல் வழியிலேயே வீணாய்ப் போகும். அதனால்தான் ஒரு கடி, பத்துக் கடியில் இந்த நோய் வருவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அந்தக் கொசுவிடம் திரும்பத் திரும்பக் கடி வாங்க வேண்டும். இரண்டு நாள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போய் "கும்பகோணத்துல கொசு கடிச்சிடுச்சு, கால் வீங்குமா" என்று கேட்பவர்களுக்கு எப்போதும் நான் சொல்கிற பதில் இது.

ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறோம் என்பதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். கேட்பதை விட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. குஞ்சுப் புழுக்கள் பகலில் நுரையீரலின் சன்னமான ரத்தக் குழாய்களுக்குள் பதுங்கிவிடும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் வெளி ரத்தத்துக்குக் கூட்டமாக வரும். இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். யார் யாருக்கு நேரம் பார்த்துக் கொடுத்தார்களோ! பகலில் அதே ஆளின் விரலில் குத்தினால் ஒன்றும் தெரியாது, "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

இதில் நான் ஏமாந்த ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ரைஸ்மில் வாட்ச்மேன், அடிக்கடி குளிர்காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். இரண்டு முறை ராத்திரி பதினோரு மணிக்கு மில் வாசலிலேயே ரத்தம் எடுத்தேன், இரண்டு முறையும் சில்லு சுத்தம். எங்கள் சீனியர் கேட்டார்: "அந்த ஆள் எப்பய்யா தூங்குறான்?" பகலில்தான் தூங்குகிறார், பத்து வருஷமாக. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் குத்தினேன். அந்தச் சில்லில் எண்ணி மாளவில்லை. தூக்கத்தைப் புரட்டினால் புழுவும் நேரத்தைப் புரட்டிக்கொள்ளும் என்று 1881லேயே லண்டனில் மெக்கன்ஸி என்ற டாக்டர் ஒரு நோயாளியை வைத்துக் காட்டியிருக்கிறார். நான் மில் வாசலில் நின்று கற்றுக்கொண்டேன். இப்போது பகலிலேயே விரல் ரத்தத்தில் பார்க்கிற ஆன்டிஜென் அட்டை வந்துவிட்டது, இந்தப் பாடெல்லாம் இல்லை.

அந்தச் சில்லில் என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடியில் கெட்டியாகத் தடவி ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். எறும்பும் கரப்பானும் வந்து நக்கிவிட்டுப் போகாமல் மூடி வைப்பதே பெரிய பாடு. காலையில் தண்ணீரில் முக்கினால் சிவப்பு கரைந்துபோய் வெளுக்கும், அப்புறம் சாயம். மைக்ராஸ்கோப்பின் அடியில், தையல்காரர் கத்தரித்துப் போட்ட நூல்துண்டு மாதிரி, நீல நிறத்தில், வளைந்து அழகாகக் கிடக்கும். ஆமாம், அழகாகத்தான் இருக்கும். காயவிடாமல் ஈரத்துளியாகப் பார்த்தால் ரத்த அணுக்களைத் தள்ளிக்கொண்டு நெளியும். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பவரை ஒரு தடவை கூப்பிட்டு அந்த நெளிவைக் காட்டினால் போதும், பேச்சே இல்லாமல் வாங்கிக்கொள்வார்.

இப்போது அந்தத் திண்ணைப் பெரியவருக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது அதுதான். அவர் கால் வீங்கியது இப்போது அந்தத் தெருவில் நோய் பரவுகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. அவருக்குப் புழு ஏறியது அநேகமாக அவர் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த வயதில். இந்த நோய் சின்ன வயதில் தொற்றி, பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் உள்ளே வேலை பார்த்து, நிணநீர்க் குழாயைத் தளர்த்தி அடைத்து, அப்புறம்தான் காலில் தெரியும். ஆண்களுக்குக் காலைவிட விரைவீக்கமாகத் தெரிவதே அதிகம், வேட்டிக்குள் இருப்பதால் ஊர் கணக்கில் வருவதில்லை. கால் அந்த அளவுக்கு வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுப் புழு இருக்காது. நான் எடுத்த சில்லுகளில் பாசிட்டிவ் ஆனவர்கள் முக்கால்வாசிப் பேர் கால் மெலிந்து, ஓடியாடி, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாதவர்கள். பரப்புகிறவர்கள் அவர்கள், பழி சுமக்கிறவர் திண்ணையில் இருப்பவர். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு நடக்கவும் சொல்வார்களாம், புடவைக் கொசுவத்துக்குக் கீழே கணுக்காலைப் பார்ப்பதற்கு. அதை எங்கள் அத்தை இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவர் பக்கத்து வீடாக அமைந்தால் பயப்படாமல் பேசுங்கள், முடிந்தால் இதையும் சொல்லுங்கள்: அந்தக் காலைத் தினமும் இரண்டு வேளை சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது நெறி கட்டி, கால் சிவந்து, நடுங்கிக் காய்ச்சல் வருகிறதே, அது புழுவால் இல்லை. விரல் இடுக்கில் வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக ஏறும் பாக்டீரியாவால். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் கொஞ்சம் கூடுதலாகத் தடிக்கும். காய்ச்சலை நிறுத்தினால் தடிப்பும் நிற்கும். புழு மாத்திரை வீங்கிய காலை வற்ற வைக்காது, இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுத்துத்தான் பல பேருக்கு எங்கள் மேல் நம்பிக்கை போனது. விரைவீக்கம் என்றால் ஆபரேஷன் இருக்கிறது, சரியாகிவிடும்.

அப்படியானால் ஏன் கும்பகோணம்? தண்ணீர் காரணம்தான், ஆனால் குடிக்கிற தண்ணீர் இல்லை, போக்கிடம் இல்லாத தண்ணீர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் தட்டையான ஊர். தண்ணீர் வரும், வடியத்தான் வடியாது. நீளநீளமான பழைய வீடுகள், கொல்லையில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் உறைகுழி, தெருவில் திறந்த சாக்கடை. கியூலெக்ஸுக்குத் தெளிந்த தண்ணீர் பிடிக்காது, கழிவு கலந்து கறுத்து நிற்கிற தண்ணீர்தான் வேண்டும். அதனால் ஆறு நிறைய ஓடுகிற மாதங்களில் ஊரில் இந்தக் கொசு குறைவு, மழை சாக்கடையை அடித்துக்கொண்டு போய்விடும். மேட்டூரை மூடி, ஆறு மணலாகி, சாக்கடைகள் ஆங்காங்கே குட்டையாய்த் தேங்குகிற மாசி பங்குனியில்தான் காதோரம் ரீங்காரம் தாங்க முடியாது. டெல்டாக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வாய்க்காலில் படர்கிற ஆகாயத்தாமரையால்தான் யானைக்கால் என்று சிலர் சொல்வார்கள். அது கேரளத்தில் சேர்த்தலைப் பக்கத்துக் கதை. அங்கே வேறு புழு, வேறு கொசு, அந்தக் கொசுவின் குஞ்சுகள் நீர்ச்செடி வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடும். நம் பக்கத்துப் புழுவுக்கும் தாமரைக்கும் சம்பந்தமில்லை.

இன்னும் இருக்கிறதா என்றால், முன்பு இருந்ததோடு ஒப்பிடவே முடியாது. தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955ல் தொடங்கியது. ரொம்ப காலம் ரத்தம் எடுத்து, பாசிட்டிவ் ஆனவருக்கு மட்டும் டிஇசி என்ற புழு மாத்திரை, சாக்கடைக்கு மருந்து, இப்படியே ஓடியது. 1980களில் பக்கத்துக் காரைக்காலில் ஒரு காரியம் செய்தார்கள். டிஇசி மருந்தைச் சமையல் உப்பில் கலந்து ஊருக்கே கொடுத்தார்கள், மாத்திரை என்ற பேச்சே இல்லாமல் சாம்பாரோடு மருந்து உள்ளே போனது, ரத்தத்தில் புழு நன்றாகவே குறைந்தது. சீனா இந்த உப்பைப் பெரிய அளவில் பயன்படுத்தி 2007ல் நோயை ஒழித்ததாகக் கணக்கு முடித்தது. நம் ஊரில் உப்பு ஏனோ பரவவில்லை, எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதற்குப் பதில் நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை மாத்திரை என்ற திட்டம் வந்தது, தொண்ணூறுகளின் பின்பகுதியில் சில மாவட்டங்களில் தொடங்கி 2004ல் நாடு தழுவியதாக ஆனது. பிறகு டிஇசியோடு அல்பெண்டசோல் என்ற குடல்புழு மாத்திரையும் சேர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தவிர எல்லோருக்கும். மனிதருக்குள்தான் இந்தப் புழு வாழ முடியும், ஆடு மாடு எதிலும் ஒளிய முடியாது. அதனால் பெரிய புழுவின் ஆயுள் முடியும்வரை ஐந்தாறு வருஷம் குஞ்சுகளை ரத்தத்துக்கு வராமல் அடித்துக்கொண்டே இருந்தால் கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது, இதுதான் கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது, விழுங்க வைப்பதுதான் கஷ்டம். ஒரு வீட்டில் அம்மா சிரித்த முகமாக வாங்கி "சாப்பிட்டுப் போட்டுக்கறேன் தம்பி" என்றார். அடுத்த வருஷம் போனபோது வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், பாக்குக்கு அடியில் போன வருஷத்து மாத்திரைகள், சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு, அப்படியே. புழு உள்ளவர்களுக்கு மாத்திரை போட்டதும் புழு சாவதால் காய்ச்சலும் தலைசுற்றலும் வரும், அதை ஊரே பார்த்துவிட்டு மாத்திரைதான் விஷம் என்று முடிவு கட்டிவிடும். அதன்பிறகு எதிரில் நின்று விழுங்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வது என்று ஆனது. இவ்வளவு இழுபறிக்கு நடுவிலும் வேலை நடந்திருக்கிறது. கடைசி வருஷங்களில் கட்டுக் கட்டாகச் சில்லு பார்த்தும் ஒரு நூல்துண்டு கண்ணில் படாத வாரங்கள் இருந்தன. கடல் தாண்டி இலங்கையில் 2016லேயே ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்துவிட்டது. நாம் 2027 என்று குறி வைத்திருக்கிறோம்.

பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்கண்ட் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது. அங்கிருந்து நம் மில்லுக்கும் ஹோட்டலுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ரத்தம் பார்ப்பது அதனால்தான். உடனே "அவனுங்க கொண்டு வர்றானுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போன கும்பகோணத்துக்காரனை மற்ற ஊர்க்காரன் இப்படித்தான் பார்த்தான். புழு வந்தாலும் அதைச் சுமக்க நம் ஊர்ச் சாக்கடையில் கொசு வேண்டுமே.

ஆக உங்கள் பையனுக்கு நான் முதலில் பயப்படுவது யானைக்காலுக்கு இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸுக்கு நேர்மாறான புத்தி, சுத்தமான தண்ணீர்தான் வேண்டும், பகலில்தான் கடிக்கும். மூடாத சம்ப், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. வாரத்துக்கு ஒரு நாள் இதையெல்லாம் கவிழ்த்துவிட்டால் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். வயல் தண்ணீரில் வேறொரு கியூலெக்ஸ் உண்டு, அது கொக்கிலிருந்தும் பன்றியிலிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டு வரும். இந்தியாவில் அதை முதலில் கண்டது 1955ல், நம் வேலூர்ப் பக்கம். உங்கள் வட்டாரத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத் தண்ணீரில், நடவு வயலில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். பனிக்காலத்தில் நாலைந்து நாள் விடாத காய்ச்சல் என்றால் பையனின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள், சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது புதர்ப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ். டாக்டரிடம் அந்தப் பொருக்கைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது, விலை குறைந்த மாத்திரையில் போய்விடும்.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கொல்லைப்புறம் போய் செப்டிக் டேங்கைப் பாருங்கள். மூடியில் வெடிப்பு இருக்கிறதா, காற்றுப் போகும் குழாயின் உச்சியில் வலை கட்டியிருக்கிறதா. அந்தக் குழாய் வழியாக எத்தனை ஆயிரம் கியூலெக்ஸ் வெளியேறும் என்பது சாயங்காலம் ஒரு பாலிதீன் பையைக் குழாயின் வாயில் கட்டிவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும், நான் செய்து காட்டியிருக்கிறேன், பார்த்தவர்கள் அன்றைக்கே வலை வாங்கினார்கள். உறைகுழி திறந்து கிடந்தால் தெர்மாகோல் மணிகளை இரண்டு விரல் கனத்துக்குக் கொட்டி மிதக்க விடலாம், கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது. திருக்கோவிலூர்ப் பக்கக் கிராமங்களில் மாத்திரையோடு இதையும் சேர்த்துச் செய்தபோது, மாத்திரை நிறுத்திய பிறகும் நோய் தலைதூக்காமல் நின்றது அந்தக் கிராமங்களில்தான். பயன்படுத்தாத கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் விடுங்கள், மாநகராட்சியில் கேட்டால் கிடைக்கும். வலை இல்லாத குழாயைப் பார்த்து வீட்டுக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் வாடகையில் பேரம் பேசுங்கள், வலையை நீங்களே வாங்கி ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், காபிக்கு அந்தத் தண்ணீர் ரொம்ப நன்றாக இருக்கும்.